கேள்வியா, கொடுமையா?

கேள்வி என்ற சொல்லிடம் நமக்குத் தனிப் பற்று உண்டு. ஏன், எதற்கு, எப்படி என்று கேட்கக் கற்ற பிறகே தமிழன் தலை நிமிர்ந்தான் என்று மேடைதோறும் சொல்லி வருகிறோம். கேட்பது பாவம் என்றது புராணம். கேளாதிருப்பதே இழிவு என்றது பகுத்தறிவு. அந்தச் சொல்லையே தலைப்பாகக் கொண்ட பிரெஞ்சு நூல் ஒன்றை இவ்வாரம் எடுத்துக்கொள்கிறோம். 1958 பிப்ரவரியில் பாரிசு நகரின் மினுயி பதிப்பகம் வெளியிட்ட அந்நூலின் பெயர் ‘லா கெஸ்தியோன்’. தமிழில் சொன்னால், ‘கேள்வி’. எழுதியவர் ஆன்ரி அலெக்.

ஆனால் நாம் போற்றும் கேள்வி அன்று அது. மன்னர் ஆண்ட காலத்துப் பிரான்சில், குற்றம் சாட்டப்பட்டவனைக் கட்டி இழுத்து, வாய்வழியே குடம் குடமாய் நீரூற்றி வாக்குமூலம் வாங்கும் முறைக்குச் சட்டம் சூட்டியிருந்த பெயர் ‘கேள்வி’! சாதாரணக் கேள்வி, அசாதாரணக் கேள்வி என இரண்டு படிகள் வேறு. 1762இல் தூலூஸ் நகரத்துத் துணி வணிகர் ழான் கலாசுக்கு இரண்டு கேள்விகளும் விடுக்கப்பட்டன. சொல்வதற்கு ஏதுமில்லாத அம்முதியவர், குற்றமற்றவன் என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தில் கட்டி முறிக்கப்பட்டு மாண்டார். அவர் குற்றமற்றவரே என்று 1765இல் தீர்ப்பு மாறிற்றே, அது வால்டேரின் எழுதுகோல் செய்த வேலை. 1780இலும் 1788இலும் பதினாறாம் லூயி மன்னரே அம்முறையைப் படிப்படியாகக் கைவிட நேர்ந்தது. பின்னர் வந்த புரட்சி வேரையும் பறித்து எறிந்தது. எறிந்துவிட்டதாகத்தான் நாமும் நம்பினோம், மேடையில் பேசினோம்.

மன்னன் கைவிட்டதைக் குடியரசு கையில் எடுத்த கதைதான் அலெக்கின் நூல்.

அல்ஜீரியாவின் தலைநகரில் ‘அல்ஜே ரெபுப்ளிக்கேன்’ என்ற நாளிதழுக்கு ஆசிரியராக இருந்தவர் அலெக். குடியேற்ற ஆட்சியை எதிர்த்து எழுதிய அவ்விதழ் 1955இல் தடை செய்யப்பட்டது. பிறகு அவர் தலைமறைவானார். 1956 மார்ச்சில் பிரெஞ்சு நாடாளுமன்றம் அல்ஜீரியாவுக்கென ‘சிறப்பு அதிகாரங்கள்’ சட்டத்தை நிறைவேற்றிற்று. அதற்குக் கை தூக்கியவர்களில் பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சியினரும் இருந்தனர். அலெக்கோ அல்ஜீரியப் பொதுவுடைமைக் கட்சிக்காரர்! எவர் கை தூக்கிய சட்டம் எவர் கழுத்தில் விழுந்தது என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்க. 1957 சனவரியில் அந்நகரின் காவல் அதிகாரம் முழுவதும் தளபதி மசூவின் வான்குடைப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. பிடிப்பது, அடைப்பது, விசாரிப்பது எல்லாம் படைவீரன் கையில். சூன் 11ஆம் நாள் மோரிஸ் ஓதேன் என்ற இளம் கணித ஆசிரியரைப் பிடித்தார்கள். மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்ற அலெக்கையும் அங்கேயே பிடித்தார்கள்.

எல் பியார் என்ற பகுதியில் கட்டி முடிக்கப்படாத ஒரு மாடிக் கட்டடம். படைத் தொலைபேசிக்கு மின்சாரம் தரும் கைச்சுழல் பொறியின் கம்பிகள் உடலில் பொருத்தப்படுகின்றன. முகத்தில் துணியைச் சுற்றி நீர்க்குழாய் திறந்து விடப்படுகிறது. நெருப்பால் சுடுகிறார்கள். எதற்கும் மசியாதபோது மருத்துவர் ஒருவர் வந்து, உண்மையைக் கக்க வைக்கும் என்று சொல்லப்படும் மருந்தை ஊசியில் ஏற்றுகிறார். நோயைத் தீர்க்கக் கற்றவரின் கை! இத்தனையும் எதற்காக? குண்டு எங்கே என்பதற்காகவா? இல்லை. தலைமறைவாக இருந்தபோது உனக்குச் சோறிட்டு இடம் தந்தவர் யார் என்பதற்காக. அதை அவர் சொல்லவில்லை. பின்னர் சிறையிலிருந்தபடி தாள் தாளாக எழுதி, வழக்கறிஞர்கள் வழியே வெளியே அனுப்பிய எழுத்துத்தான் நூலாயிற்று.

நூறு பக்க அளவிலான சிறு நூல். இலக்கியம் என்ற நோக்கில் பார்த்தால் அதன் வலிமை அது செய்யாமல் விட்டவற்றில் இருக்கிறது. அழுகை இல்லை. ஆவேசம் இல்லை. உவமைகளை அடுக்கவில்லை. எந்த அறை, எத்தனை பேர், யார் என்ன கேட்டார், அடுத்து என்ன நடந்தது. ஒரு செய்தியாளன் குறிப்பெடுப்பது போல எழுதிச் செல்கிறார். நம் எழுத்தாளர்கள் சிலர், துன்பத்தைச் சொல்லத் தொடங்கியதும் சொற்களை வாரி இறைத்து, வாசகன் அழுவதற்குள் தாமே அழுது முடித்துவிடுகிறார்களே, அவர்கள் இந்நூலைப் படித்தல் நலம். இவ்வளவு பேர் துன்புறும் சிறையில் தன்னைப் பற்றிப் பேசுவதே கூச்சந்தரும் செயல் என்ற பொருளில்தான் நூலையே தொடங்குகிறார். ஓதேனைத் தம் முன் கொண்டுவந்து நிறுத்திய இடத்தைச் சில வரிகளில் சொல்லிக் கடந்து விடுகிறார். அந்தச் சில வரிகளுக்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல எவருக்கும் வாய்ப்பில்லாமல் போயிற்று. சூன் 21ஆம் நாள் தப்பி ஓடினார் என்று படை அறிவித்தது. அதன் பின் ஓதேனைக் கண்டவர் இல்லை. 1957 திசம்பரில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் அவருடைய கணித ஆய்வேடு, ஆய்வாளன் இல்லாமலே ஏற்கப்பட்டு, பட்டமும் வழங்கப்பட்டது.

வதைப்பவர்களை அரக்கர்களாகவும் அலெக் தீட்டவில்லை. அவர்கள் இருபது வயது இளைஞர்கள்; சிரிப்பார்கள், களைப்பார்கள். அக்கட்டடம் அல்ஜீரியரை வதைக்கும் இடம் மட்டுமல்ல, பிரெஞ்சு இளைஞரைக் கெடுக்கும் பள்ளி என்கிறார். நம் கருத்தில் நூலின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. இது நாசியரின் இரகசியப் போலீசுக் கூடம் என்று அந்த வீரர்களே பெருமை பேசியதையும் அவர் பதிவு செய்கிறார். செருமானியர் பாரிசை விட்டுப் போய் அப்போது பதின்மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை!

நூல் 60,000 படிகளுக்கு மேல் விற்றது. சார்த்தர் அதைப் பற்றி எழுதிய கட்டுரை வெளிவந்த இதழ் பறிமுதல் ஆயிற்று. மார்ச் 27இல் நூலும் பறிமுதல். மால்ரோ, மொரியாக், மர்த்தேன் துய் கார், சார்த்தர் என்று ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத நால்வர் ஒன்றுகூடி, குடியரசுத் தலைவருக்குக் கண்டன மடல் விடுத்தனர். அரசு அசையவில்லை. சுவிட்சர்லாந்தில் மறுபதிப்பு வந்து, எல்லை கடந்து பிரான்சுக்குள் நுழைந்தது.

இங்கே நூலைக் குறித்தன்று, நூலைப் படித்த பாரிசைக் குறித்து ஒன்று கேட்க வேண்டும். அலெக் ஐரோப்பியர். அவரைப் போலவே வதைபட்ட அல்ஜீரிய முசுலிம்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களது வலி நூலாகவில்லை. நூலானபோதும் இவ்வளவு விற்கவில்லை. வெள்ளை உடலில் விழுந்த அடிதான் பாரிசின் முதுகில் உறைத்தது. குலத்துக்கொரு தண்டனை வகுத்த மனுவின் நாட்டில் பிறந்த நமக்கு இது புதிதன்று. யார் உடல் என்று பார்த்து வலியை அளக்கும் தராசு நம் ஊரிலும் உண்டு. அலெக் இதை உணர்ந்தவர். தன்னினும் கொடிதாக வதைபட்ட அல்ஜீரியத் தோழர்களை, சுவருக்கப்பால் எழுந்த அவர்களின் அலறலை, அவர் மறக்கவில்லை. அவர்கள் தம் குரலில் பேசப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. லுயிசெத் இகிலாரிஸ் என்ற அல்ஜீரியப் பெண்மணியின் வாக்குமூலம் ‘லெ மோந்த்’ ஏட்டில் வந்தது 2000 சூனில்தான்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சட்டம் இல்லாமலா இது நடந்தது? இருந்தது. 1949இல் செனீவாவில் நான்கு உடன்படிக்கைகள் ஆயின. 1951இல் பிரான்சும் அவற்றை உறுதி செய்தது. மூன்றாம் உடன்படிக்கையின் 17ஆம் விதி தெளிவானது. போர்க்கைதி சொல்லக் கடமைப்பட்டவை அவன் பெயர், படைத்தரம், பிறந்த நாள், படை எண், அவ்வளவே. அதற்குமேல் செய்தி பெற உடலையோ உள்ளத்தையோ வதைக்கலாகாது; பேச மறுத்தவனை மிரட்டவும் கூடாது, இழிவுபடுத்தவும் கூடாது. நான்காம் உடன்படிக்கையின் 31ஆம் விதி, பொதுமக்களிடமிருந்து செய்தி பெற வன்முறையைத் தடுக்கிறது. உள்நாட்டுப் போராயினும் வதை கூடாது என்று நான்கிலும் பொதுவாக நிற்கிறது மூன்றாம் விதி.

இவ்வளவையும் கிழிக்காமலே தாண்டிச் சென்றது பிரான்சு. எப்படி? பெயரை மாற்றி! அல்ஜீரியாவில் நடப்பது போரே அன்று, ‘ஒழுங்கு காக்கும் நடவடிக்கை’ என்றது. போர் இல்லையேல் போர்க்கைதி ஏது? கைதி இல்லையேல் 17ஆம் விதி ஏது? பிடிபட்டவன் போராளியல்லன், குற்றவாளி என்றது. குற்றவாளியாயின் நீதிபதி முன் நிறுத்த வேண்டுமே? அப்போது, இது சாதாரண நிலைமையன்று என்றது. போருக்குரிய காப்பும் இல்லை, அமைதிக்குரிய காப்பும் இல்லை. இரண்டுக்கும் இடையே சட்டம் எட்டாத ஓர் இருட்டறை. அந்த அறையின் பெயர் எல் பியார். எட்டாண்டுகள் நடந்ததைப் ‘போர்’ என்று பிரெஞ்சுச் சட்டம் ஒப்புக்கொண்டது 1999 அக்டோபரில்! ஐந்து எழுத்தைச் சொல்ல வேண்டாம், இரண்டே எழுத்துள்ள அந்தச் சொல்லை எழுத நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதனினும் வியப்பான ஏடு ஒன்று உண்டு. 1955 மார்ச்சில் வுய்யோம் என்ற உயர் அதிகாரி, அல்ஜீரியக் காவல்துறை வதைக்கிறதா என்று ஆராய்ந்து அறிக்கை தந்தார். வதைக்கிறது என்று கண்டார். அதற்கு அவர் சொன்ன மருந்து என்ன? நீரும் மின்சாரமும் கவனமாகப் பயன்படுத்தப்பட்டால் பெருங்கொடுமை ஆகா; ஆகவே அவற்றை ஒழுங்குபடுத்தி அனுமதித்து விடலாம் என்பது! தலைமை ஆளுநர் சுஸ்தேல் அதை ஏற்கவில்லை. ஏற்கப்படாத அறிவுரை எழுதப்படாத வழக்கமாக நிலைத்தது. சட்டத்தின் வரம்பைக் கொடுமை மீறும்போது, கொடுமையைக் குறைப்பதை விட்டு வரம்பை நகர்த்தச் சொல்லும் மூளை அப்போதே பிறந்துவிட்டது. 2002இல் வாஷிங்டனின் சட்ட அறிஞர்கள், உறுப்புச் செயலிழப்புக்கு ஒப்பான வலி ஏற்பட்டால்தான் அது வதை என்று குறிப்பெழுதிக் கொடுத்தபோது, பொது மூன்றாம் விதியை நினைவூட்ட அமெரிக்க உச்சநீதிமன்றத்துக்கு 2006 சூன் வரை காலம் பிடித்தது.

‘நூறு உயிரைக் காக்க ஒருவனை வதைத்தால் என்ன?’ என்பார் உண்டு. அல்ஜீரிய விடுதலைப் படை வைத்த குண்டுகளுக்குக் குழந்தைகளும் இரையாயினர். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் இக்கேள்வியை மெய்யாகவே எதிர்கொண்ட ஒருவர் இருந்தார். போல் தெட்ஜென், அந்நகரக் காவல்துறையின் தலைமைச் செயலாளர். 1956 நவம்பரில் எரிவாயு ஆலையில் ஈவ்தோன் என்ற தொழிலாளி குண்டுடன் பிடிபட்டார். இன்னொரு குண்டு எங்கோ இருப்பதாக ஐயம். வதைக்க அனுமதி கேட்டார்கள். தெட்ஜென் மறுத்தார். அன்று பிற்பகல் முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் சொன்னார். இரண்டாவது குண்டு வெடிக்கவில்லை. அவர் மறுத்தும் காவலர்கள் ஈவ்தோனை வதைத்தே தீர்த்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாசியரின் வதைக்கூடத்தில் தாமே துன்புற்று, டாக்காவ் முகாமுக்கு அனுப்பப்பட்டவர் தெட்ஜென். கைதிகளின் உடலில் அதே தழும்புகளைக் கண்டதாக 1957 மார்ச்சில் பதவி விலகல் மடல் எழுதினார். அவர் கணக்கில் காணாமற்போனோர் 3,024 பேர். வதையைக் கண்டித்த தளபதி பொலார்தியேருக்கோ 60 நாள் கோட்டைக் காவல் கிடைத்தது. வதைத்தவர்களுக்கு 1962இலும் 1968இலும் பொதுமன்னிப்பு!

வதையின் பயனை நம்புவோர் பகுத்தறிவு பேசுவதாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்கள் பழைய சத்தியப் பரீட்சைக்காரர்கள். காய்ச்சிய நெய்யில் கையை விடு, வேகாவிட்டால் நீ உத்தமன் என்றது தருமசாத்திரம். தீயில் இறங்கு, எரியாவிட்டால் நீ கற்புடையவள் என்றது இதிகாசம். வெந்த உடல் உண்மை பேசும் என்ற அதே மூடநம்பிக்கைதான் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வலி தாங்காதவன் கேட்பவன் விரும்பியதைச் சொல்வான். அது உண்மையாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரன் பெயராகவும் இருக்கலாம். கோவலனை ஆராயாமல் கொன்றது பாண்டியன் அவை. ஆராய்ச்சி என்ற பெயரிலேயே கொல்வது அதனினும் ஒரு படி கீழ்.

புதுவையில் இதை ஏன் பேச வேண்டும் என்று கேட்கும் தோழருக்கு ஒரு நாளை நினைவூட்டுகிறோம்: 1954 நவம்பர் 1. கீழூரில் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்து இரண்டே வாரம் ஆன நிலையில், அன்றுதான் புதுச்சேரியில் ஆட்சி கைமாறியது. அதே நாளில்தான் அல்ஜீரியாவில் முதல் வேட்டு வெடித்தது! இங்கே கொடியை மடித்துக்கொண்ட கை, அங்கே துப்பாக்கியை எடுத்தது. புதுவையை ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956 மே 28இல் கையெழுத்தாயிற்று. அல்ஜீரியச் சிக்கல் தீரும்வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை உறுதி செய்யவில்லை. 1962 சூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஆகஸ்ட் 16இல் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. இந்த ஊரின் விடுதலைப் பத்திரம் எட்டாண்டு முற்றுப்பெறாமல் கிடந்தது எல் பியாரின் நிழலில்தான்.

ஆங்கிலேயனுக்குத் தப்பி வந்தவர்க்கு அடைக்கலம் தந்த மண், சமத்துவம் பேசிய ஆட்சி என்று பெருமை பேசுவோர் இங்கே உண்டு. பாரதி 1908இல் இங்கு வந்து பத்தாண்டு வாழ்ந்தது உண்மை. 1936 சூலை 30இல் ஆலைத் தொழிலாளர் 12 பேர் அதே ஆட்சியின் குண்டுக்கு மாண்டதும் உண்மை. புதுவையை விட்டுக்கொடுத்தது நாகரிகத்தால், அல்ஜீரியாவை விட மறுத்தது வெறியால் என்று எண்ண வேண்டாம். அங்கே ஏறத்தாழ பத்து இலட்சம் ஐரோப்பியர் குடியேறி நிலம் பிடித்திருந்தனர். இங்கே அப்படி இல்லை. கணக்குத்தான் வேறு, ஆட்சி ஒன்று. இணைப்புக்குப்பின் ஏறத்தாழ 5,000 புதுவையார் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தனர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற குடும்பங்கள் இங்கே பல. அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. கடற்கரைச் சாலையின் போர் நினைவுச்சின்னத்தில் ஆண்டுதோறும் சூலை 14 கொண்டாடப்படுகிறதே, அது ஒரு சிறைக்கோட்டை வீழ்ந்த நாள் என்பதை மட்டும் கொண்டாடுவோர் மறக்க வேண்டாம் என்கிறோம். அலெக்கின் நூலை மூலமொழியில் படிக்கவல்ல தமிழர் மிகுந்த ஊர் இது. ரோமன் ரோலந்து பெயரில் நூலகம் வைத்திருக்கும் ஊரும் இது. அந்நூலை இளைஞர் படிப்பு வட்டங்களில் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லும் பணி புதுவைத் தோழர்களுக்கே உரியது.

பிரான்சைக் கைகாட்டி நாம் கையைத் துடைத்துக்கொள்ள இயலுமா? பெயர் மாற்றும் வித்தை நம்மைச் சுற்றியும் நடந்ததே. இலங்கை 1994இல் வதையைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. அதற்கு முன்பே, 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் காவல் உயர் அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றுவிட்டிருந்தது. அது வற்புறுத்திப் பெற்றது என்று மெய்ப்பிக்கும் சுமையையும் கைதியின் தலையிலேயே வைத்தது. தான் படிக்க இயலாத சிங்கள மொழியில் தட்டச்சிட்ட வாக்குமூலத்தில் கைரேகை வைத்த தமிழ் இளைஞர் ஒருவருக்கு 1995இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. முறையான விசாரணை மறுக்கப்பட்டது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் கூறிற்று. 2006இல் இலங்கை உச்சநீதிமன்றம் அதைக் கொள்ளவில்லை.

இந்தியாவிலோ காவலரிடம் தந்த வாக்குமூலம் சான்றாகாது என்பது வெள்ளையன் காலத்து விதி. அதைத் தடா சட்டம் 1987இல் ஒதுக்கி வைத்தது. ராசீவ் கொலை வழக்கில், தடாக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1999இல் கூறிய உச்சநீதிமன்றம், தடாவின் கீழ் பதிந்த வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுத் தண்டனையை உறுதி செய்தது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிந்த அதிகாரியே, மின்கலம் எதற்கு என்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படுத்தினார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18இல். பத்தொன்பது வயதில் உள்ளே போனவர்!

அயல்நாட்டுப் படையிடம் நாம் நடந்துகொண்ட முறை வேறு. 1971இல் சரணடைந்த ஏறத்தாழ 93,000 பேரையும் செனீவா உடன்படிக்கையின்படி போர்க்கைதிகள் என்று பெயரிட்டே வைத்திருந்தோம். ஆனால் 1958இன் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் நிலவும் இடங்களில் நடப்பது போர் என்று இந்திய அரசு ஒருநாளும் ஒப்பியதில்லை. பிடித்தவரைத் தாமதமின்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று அச்சட்டமே சொல்கிறது. படைக்குரிய நெறிமுறைகள் கட்டாயமானவை என்று 1997 நவம்பரில் உச்சநீதிமன்றமும் சொன்னது. 2004 சூலையில் இம்பாலில் அசாம் ரைபிள்சு படையினர் வீட்டிலிருந்து அழைத்துச் சென்ற மனோரமா, காவல் நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை, பிணமாகக் கிடைத்தார். சில நாளில் காங்லா கோட்டை வாயிலில் பன்னிரு தாய்மார் ஆடை களைந்து நின்ற காட்சியைக் கண்டது உலகம்.

வதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது, உறுதி செய்யவில்லை. அதற்கான மசோதாவை 2010இல் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவை தெரிவுக்குழுவுக்கு அனுப்பியது. 2014இல் மக்களவையோடு மசோதாவும் முடிந்தது. 2017இல் சட்ட ஆணையம் தன் 273ஆம் அறிக்கையில் மீண்டும் ஒரு வரைவை எழுதித் தந்தது. பாரிசில், ஓதேன் தப்பி ஓடவில்லை, படையின் கையில்தான் மாண்டார் என்று குடியரசுத் தலைவர் மக்ரோன் 2018 செப்டம்பர் 13இல் ஒப்புக்கொண்டார். அதைக் கேட்க அவர் மனைவி உயிரோடு இருந்தார். அறுபத்தொரு ஆண்டுகள் காத்திருந்தார். அலெக் 2013இலேயே மறைந்துவிட்டார்.